சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த போன்

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியைக் காணோம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் என் நாத்தனார் பிருந்தாவுக்கு வளைகாப்பு நடந்தது. வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். ஏழாம் மாதம் வரை இழுக்க வேண்டாம் என்று ஐந்திலேயே நாள் பார்த்துவிட்டார்கள். நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஒரு நடுத்தர ஊரில். கணவர் இளங்கோவுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. லீவு கிடைக்காததால் வீடியோ காலில்தான் வளைகாப்பு பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே இன்னும் விடியக்கூட இல்லை. ஆறு வயது மகள் யாழினி போர்வையைச் சுற்றிக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

போனை ஏதோ செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிருந்தா அரக்குப் பட்டில் மனையில் உட்கார்ந்திருந்தாள். சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். வளையல் தட்டு வந்தது. அப்போது என் மாமியாரின் குரல் கேட்டது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"அந்த போனைக் கொஞ்சம் சுவத்துப் பக்கமா திருப்பி வைடி."

யாரோ திருப்பினார்கள். வெளிர்நீலச் சுவரும், நகைக்கடைக் காலண்டரின் ஒரு மூலையும் தெரிந்தன. அவ்வளவுதான்.

யாழினி ஜெர்மனில் கேட்டாள், "அம்மா, பாட்டி ஏன் சுவரைக் காட்டுறாங்க?" நெட் சரியில்லை என்று பொய் சொன்னேன். இளங்கோ எழுந்து காபி போடப் போய்விட்டார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் ஒரு காலத்தில் இரட்டையைச் சுமந்தவள். அதில் ஒன்று தங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வளையல் போடக்கூடாது, போடும்போது அவள் கண்ணும் படக்கூடாது. ஏழு கடல் தாண்டி இருந்தாலும் என் கண் போன் வழியாகப் போய்ப் பட்டுவிடுமாம்!

வீடியோ காலைத் துண்டித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வளையல் சத்தம், சிரிப்பு, புளிச்சாதம் எங்கே என்று யாரோ கேட்பது. நடுவில் பிருந்தாவின் குரல்.

"அம்மா, கொஞ்சம் சாஞ்சுக்குறேன். மூச்சு முட்டுது. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"இரட்டைன்னா அப்படித்தான்டி இருக்கும்" என்றார் அத்தை.

"போன வாரம் பார்த்ததுக்கு ரெண்டு மடங்கா ஆயிடுச்சே வயிறு! பிள்ளைங்க நல்லா வளருதுங்க" என்றது இன்னொரு குரல்.

கல் மாதிரி வயிறு. ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு. எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது.

2

ஏன் சில்லிட்டது என்று சொல்ல வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கும் ஐந்தாம் மாதத்தில் இப்படித்தான் ஆனது. திங்கட்கிழமை போட்ட பேண்ட் வெள்ளிக்கிழமை ஏறவில்லை. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. மருத்துவர் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இரட்டை என்றால் இப்படித்தான் இருக்கும், அடுத்த தேதிக்கு வாருங்கள் என்றார். அத்தை சொன்ன அதே வாக்கியம், ஜெர்மனில். முட்டாள்தனத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது இந்த மொழியில் சண்டை போடத் தெரியாது. நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் மட்டும்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் போனபோது இளங்கோ என்னைப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்த டாக்டர் அம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. அதன் ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. அந்த வழியாக ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வாங்குகிற பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் பெருகுகிறது. கொடுக்கிற பிள்ளைக்குத் தண்ணீரே இல்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எல்லா இரட்டைக்கும் இப்படி ஆவதில்லை, ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரட்டைகளில் சிலவற்றுக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் இந்த நடு மாதங்களில் வரும் என்றார். பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. நஞ்சுக்கொடிக்கு இவர்கள் மொழியில் அம்மா கேக் என்கிற மாதிரி ஒரு பெயர். ஆனால் படம் புரிந்தது.

புரியாமல் எப்படி இருக்கும்? நான் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம், கடைமடையில். வாய்க்காலில் எங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. மேலே இருப்பவன் வயலில் தண்ணீர் வழிந்து ஓடும், என் அப்பா மடையில் மண்வெட்டியோடு நின்று வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே வாய்க்கால்தான், இரண்டு வயல்தான். வாய்க்காலில் மேலே இருக்கும் பாபநாசத்துக்காரரான இளங்கோவிடம் சொன்னேன், "பெருசா இருக்கிறது உங்க ஊரு. சின்னதா ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறது எங்க ஊரு." அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

செய்தியை ஊருக்குச் சொன்னதும் அத்தை சொன்னார், "பெருசு நல்லா இருக்குல்ல, அது தேறிடும். சின்னதைப் பத்தி யோசிச்சு மனசைப் போட்டு அலட்டிக்காத." எல்லோரும் பெரியதற்காகவே வேண்டிக்கொண்டார்கள். நாகூர் தர்காவில்கூடப் பெரியதற்காகத்தான் நேர்ந்துகொண்டார்களாம். ஆபத்து இரண்டுக்கும் என்று டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் ரத்தத்தையும் இறைத்து இறைத்துப் பெரியவளின் இதயம் களைத்துப் போயிருந்தது. தண்ணீர் நின்ற வயலில் நாற்று அழுகும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள்தான் இவர்கள். பிள்ளை விஷயத்தில் மட்டும் பெரிது என்றால் நல்லது என்று நினைத்துவிட்டார்கள்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, லேசரால் அந்தக் குழாய்களை அடைத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததே தாமதம், இன்னும் ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள். மறுநாள் ஸ்கேனில் பெரியவளின் துடிப்பு நின்றிருந்தது. சின்னவளின் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கும் மேலாக இரண்டு பேரையும் நான்தான் சுமந்தேன், ஒருத்தி உயிரோடு, ஒருத்தி இல்லாமல். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அந்தச் சின்னவள்தான் யாழினி.

3

ஆகவே அந்த நீலச் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"அத்தை! பிருந்தாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க! இது இரட்டைங்கிறதால வர்றது இல்ல! கேக்குதா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. யாரோ "ஐயையோ" என்றார்கள். போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல ஏன் மலர் இப்படி?" என்று காபித் தம்ளரோடு இளங்கோ வந்தார்.

"நல்லது நடக்கணும்னுதான் கத்துறேன். உங்க தங்கச்சிதானே? நீங்க கத்தியிருக்கணும்."

பிருந்தாவின் கணவர் அன்புவைக் கூப்பிட்டேன். அவரை நான் அண்ணா என்பேன். பாபநாசத்தைச் சுற்றி அறுப்பு மிஷின் வாடகைக்கு விடுபவர், யாரையும் அதிர்ந்து பேசாத மனிதர். நான் நேராக அவருக்குப் போன் செய்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இரண்டாவது முறை எடுத்தார்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்விதான். பிள்ளைங்க ரெண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா?"

"ஒண்ணுதான்னு முதல் ஸ்கேன்லயே சொன்னாங்க தங்கச்சி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாக்கணும்னாங்க."

"போனீங்களா?"

"அத்தை வேணாம்னுட்டாங்க. ஸ்கேன் சென்டர்ல எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. இரட்டைன்னு ஊரெல்லாம் பரவிடும், கண்ணு பட்டுடும். வளைகாப்பு முடியட்டும்னாங்க. அப்புறம்..."

"அப்புறம்? சொல்லுங்கண்ணா."

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. அங்க மலருக்குச் சும்மா சும்மா ஸ்கேன் எடுத்து, வயித்துக்குள்ள லேசரை விட்டுத்தான் ஒரு பிள்ளை போச்சு, நம்ம பொண்ணுக்கு அது வேணாம்னாங்க."

வாசிக்கிற உங்களில் யாராவது இதைக் கேட்டு "அந்தக் காலத்து மனுஷி, தெரியாமல் சொல்லியிருப்பார்" என்று சமாதானம் சொல்லத் தயாராகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். என் பிள்ளையின் பெயரைச் சொல்லாதே, படம் வைக்காதே, நினைக்கவே நினைக்காதே என்று ஆறு வருடமாக என் வாயை அடைத்தவர் அவர். அதே பிள்ளையை எடுத்து, பிருந்தாவின் டாக்டருக்கும் பிருந்தாவுக்கும் நடுவில் குறுக்கே வைத்திருக்கிறார். எனக்குப் பேச அனுமதி இல்லாத பிள்ளை அவர்களுக்கு மட்டும் வாதத்துக்கு உதவியிருக்கிறது. யாழினி இன்றைக்கு ஓடியாடித் திரிகிறாள் என்றால் அந்த லேசரால்தான் என்பதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

"அண்ணா, இப்ப காரை எடுக்குறீங்களா இல்லையா?"

"இன்னைக்கு வளைகாப்பு. இன்னைக்கே ஆஸ்பத்திரின்னா அத்தை தாங்க மாட்டாங்க தங்கச்சி. நாளைக்குக் காலையில முதல் வேலையா..."

அதற்குள் போன் கை மாறியது. ஒரு கை வளையலும் சேர்ந்து குலுங்கும் சத்தம் காதில் மோதியது.

"அண்ணி, நான்தான். சுவத்துப் பக்கமிருந்து உங்க குரல் வந்துச்சு. போனைத் திருப்பினதே அப்பத்தான் எனக்குத் தெரியும்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "நான் கிளம்புறேன் அண்ணி. இவரு வரலைன்னா பஸ் ஏறிப் போவேன்."

4

பட்டுப் புடவையோடும் சந்தனத்தோடும் தஞ்சாவூருக்குப் போனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் எங்கள் கதையை அப்படியே திருப்பிச் சொன்னாராம். ஒன்றுக்குத் தண்ணீர் அளவுக்கு மேல், இன்னொன்றுக்குக் கொஞ்சமும் இல்லை. இன்றைக்கே சென்னைக்குப் போங்கள், காத்திருந்தால் இரண்டும் தங்காது என்றாராம். அன்பு போனில் அழுதுவிட்டார். நான் அழவில்லை. எனக்குக் கோபம் இருந்ததால் மற்றதற்கு இடமில்லை.

அவர்கள் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் யாழினி மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்திக்கு மேகத்துக்கு மேலே வீடு. இங்கே பள்ளியில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், எனக்கு ஒரு அக்கா, அவள் பிறப்பதற்கு முன்னால் இறந்துவிட்டாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் அவள் பெயர் என்ன என்று கேட்பார். இவளும் சொல்வாள். போன வருடம் ஊரில் இதையே தன் உடைந்த தமிழில் சொன்னபோது, அத்தை அவள் வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு இவள் பாட்டியிடம் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மொழி போகிறதே என்று ஊரில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். பிள்ளை தமிழில் முதல்முதலாக முழுசாகச் சொன்ன ஒரு விஷயத்துக்கு வாயைப் பொத்தினால் மொழி எங்கே இருக்கும்?

இங்கே இருக்கும் ஜெர்மன் பதிவு அலுவலகத்தை நான் புகழ வரவில்லை. இறந்த பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யப் போனபோது, பிறந்தது ஒரு குழந்தைதானே என்று கேட்டு, இந்தச் சான்றிதழ் இல்லை அந்தச் சான்றிதழ் இல்லை என்று கைக்குழந்தையோடு என்னை அலைய விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் ஒருதடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கடைசியில் அவர் பெயரைக் கேட்டார், எழுத்துக் கூட்டி எழுதினார், முத்திரை குத்திக் கொடுத்தார். என் சொந்தக்காரர்கள் ஒருவரும் செய்யாத வேலை அது.

5

சென்னை மருத்துவமனையில் மறுநாள் மதியம் பிருந்தாவுக்கு லேசர் வைக்க ஏற்பாடானது. நான் கிடங்கில் இருந்தேன். போன் அடித்ததும் பெட்டிகளுக்கு நடுவில் நின்று எடுத்தேன். வீடியோ. பச்சை அங்கியில் பிருந்தா, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பக்கத்தில் நர்ஸ். கட்டில் ஓரத்தில் அத்தை.

"டிரிப்ஸ் போடணும்மா, வளையல் எல்லாத்தையும் கழட்டிடுங்க. வளையலோட தியேட்டருக்குள்ள விட மாட்டாங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டால் பலமுறை சொல்லிவிட்டார் என்று தெரிந்தது.

"பிரசவம் ஆகுறதுக்கு முன்னாடி வளைகாப்பு வளையலைக் கழட்டுறதா? எங்க வம்சத்துலயே கிடையாது. மேல தள்ளித் துணியைச் சுத்திக்குங்க. அந்தப் பாவத்தை நான் கட்டிக்க மாட்டேன்" என்றார் அத்தை.

"நேரமாகுதும்மா, டாக்டர் காத்திருக்காங்க."

அன்பு சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றார். பிருந்தா அம்மாவைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. நான் என்ன செய்ய?"

வளையல் போடும்போது பார்க்கக்கூட லாயக்கில்லாதவள் நான். கழற்றுவதா என்று என்னிடம்தான் கேட்கிறாள்.

அத்தை போனைப் பிடுங்கினார். "இளங்கோ இருக்கானா? அவன்கிட்டக் குடு. அவன் சொல்லட்டும்."

இளங்கோ அலுவலகத்திலிருந்து அந்த வீடியோ காலில் ஏற்கெனவே சேர்ந்திருந்தார். "மலர் சொல்றதுதான்மா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தன் அம்மாவிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கும்போது சந்தோஷமாக இல்லை, இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் எரிச்சலாக வந்தது.

"கழட்டு பிருந்தா" என்றேன். "சோப்பு போட்டுக் கழட்டு. வரலைன்னா உடைச்சுக் கழட்டு. பாவம் என் மேல வரட்டும்."

அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முகம் திரை முழுக்கத் தெரிந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு மலரு" என்றார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அத்தை, அன்னைக்கு. போனைப் பிருந்தா பக்கம் திருப்புங்க. நான் பார்க்கணும்."

திருப்பினார். கை வீங்கிப் போயிருந்ததால் வளையல் லேசில் வரவில்லை. நர்ஸ் சோப்பு நுரை தடவ, பிருந்தா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்தாள். பச்சை, சிவப்பு, பச்சை. சிலது உடைந்தது. மணிக்கட்டில் லேசாக ரத்தம் வந்தது. கடைசி வளையல் வரும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

6

பிருந்தாவுக்கு இப்போது ஏழாம் மாதம். இரண்டு துடிப்பும் இருக்கின்றன. சின்னது கொஞ்சம் சின்னதாகவே இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்துவிட்டது. சீக்கிரமே பிறந்துவிடலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் முழுசாகத் தாண்டிவிட்டோம் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிறார்கள். கூடவே அத்தையும் போகிறார். எல்லாம் வேண்டுதல் பலித்ததால்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வெறுங்கையோடு பிள்ளைத்தாச்சி இருக்கக்கூடாது என்று அத்தை மறுபடி ஒரு நல்ல நாள் பார்த்தார். வளையலும் வாங்கி வந்துவிட்டார். பிருந்தா கையை நீட்டவில்லை.

"அண்ணி வந்து போட்டாத்தான் போட்டுக்குவேன். அதுவரைக்கும் வெறுங்கைதான்" என்றுவிட்டாள்.

இரண்டு வாரம் வீட்டில் சண்டை நடந்திருக்கிறது. பிருந்தா அசையவில்லை. போன சனிக்கிழமை அத்தையே என்னைக் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நெல் விலை, மழை, யாழினிக்குச் சளி சரியாகிவிட்டதா என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில், "எப்ப வர்றே?" என்றார்.

"வளையல் போடவா அத்தை?"

"ஆமா" என்றார். "வளையல் போடத்தான்."

டிக்கெட் எடுத்துவிட்டேன். லீவு தராவிட்டால் வேலையை விடுகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன், தந்துவிட்டார். இப்போது இந்த மொழியில் எனக்கு நன்றாகவே சண்டை போட வருகிறது. யாழினியும் வருகிறாள். அத்தைக்கு என்மேல் வருத்தம் இருக்கலாம், எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதை விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போவதாக இல்லை.

பிருந்தாவுக்கு முதல் வளையலை நான் போடுவேன். போடும்போது என் மூத்தவளின் பெயரைச் சொல்லித்தான் போடுவேன். இந்தக் குறிப்பில் எங்கேயும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அதை முதலில் அந்தக் கூடத்தில், அந்த நீலச் சுவருக்கு முன்னால், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லப் போகிறேன். வேண்டுமானால் அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும்.